உங்கள் கைக்கு அளவெடுத்த ஒரு பேஸ் கிட்டார்

4.5 கிலோ எடையுள்ள பேஸ் கிட்டாரை 11 ஆண்டுகள் தோளில் சுமந்து வாசித்தவன் நான். இடது தோள்பட்டையில் வலி குடியேறிவிட்டது. வலியோடு வாசித்தால் முதலில் கெடுவது தாளம்தான். வலக்கை விரல்கள் தம்மையறியாமல் முந்துகின்றன. கடையில் தொங்கும் எதுவும் என் தோளுக்கும் சிறிய கைக்கும் பொருந்தவில்லை. அதனால்தான் மரத்தைக் கையில் எடுத்தேன். இதுவரை நான்கு செய்திருக்கிறேன். இப்போது தினமும் வாசிப்பது நான்காவதை. அதன் எடை 3.4 கிலோ.

புதிதாகச் செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் உடலின் வடிவத்தை வரைந்துகொண்டு வருகிறார்கள். உடலின் மேலே நீளும் கொம்பு எப்படி வளைய வேண்டும், என்ன வண்ணம் பூச வேண்டும் என்பதிலேயே மனம் நிற்கிறது. நானும் முதல்முறை அப்படித்தான் வந்தேன். ஆனால் பேஸில் வாத்தியம் என்பது கழுத்துதான். நான்கு தந்திகளும் சேர்ந்து சுமார் 80 கிலோ இழுவிசையை அதன்மேல் இரவும் பகலும் செலுத்துகின்றன. உடல் சற்றுக் கோணலாக இருந்தால் பார்ப்பதற்கு மட்டும்தான் குறை. கழுத்து அரை மில்லிமீட்டர் முறுக்கிக்கொண்டால் வாசிக்கவே முடியாது. ஆகவே உங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் கழுத்துக்கு ஒதுக்குங்கள்.

முதலில் ஆளை அளப்பது

தையற்காரர் துணியைத் தொடுமுன் ஆளை அளக்கிறார். நீங்களும் அதையே செய்யுங்கள். தந்திகள் தலைப்பக்கம் அமரும் சிறு மேடையான நட்டின் அகலம் எவ்வளவு என்பது முதல் கேள்வி. 38 மி.மீ. என்றால் சிறிய கைக்கு எளிது. 42, 44 என்று போனால் பெரிய கைக்கும் அழுத்தி வாசிப்பவர்களுக்கும் வசதி. கடன் வாங்கியாவது இரண்டு வகையையும் தலா ஒரு வாரம் வாசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது தந்தியின் நீளம், அதாவது நட்டிலிருந்து, உடலில் தந்திகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் வரையுள்ள அளவு. 1951-இல் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் தம் பேஸுக்கு வைத்த 34 அங்குலம், 863.6 மி.மீ., இன்றும் பொது அளவாக நிற்கிறது. 30 அங்குலத்திலும் செய்யலாம். இடக்கைக்கு எளிதாக இருக்கும், ஆனால் அடித்தந்தி சற்றுத் தளர்ந்து ஒலிக்கும். முதல் கருவிக்கு 34 அங்குலத்தையே எடுங்கள். தந்தி, பிரிட்ஜ், தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப் எல்லாம் அந்த அளவுக்கே எளிதில் கிடைக்கும்.

மூன்றாவது சமநிலை. பேஸின் கழுத்து நீளமானது. அதன் நுனியில் நான்கு கனத்த முறுக்காணிகள் வேறு. வாரை மாட்டும் ஆணி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கழுத்து கீழே சரியுமா, நிற்குமா என்பது தெரியும். மேல்கொம்பின் நுனி 12-ஆம் ஃப்ரெட்டுக்கு, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மெட்டுகளில் பன்னிரண்டாவதற்கு, நேராக வருமாறு வரைந்தால் பெரும்பாலும் நிற்கும். வழக்கமான முறுக்காணி ஒன்று 100 கிராமை நெருங்கும். எடை குறைந்த வகையில் 60 கிராமுக்கும் கிடைக்கிறது. நான்குக்குச் சேர்த்து மிச்சமாகும் 160 கிராம், நீண்ட நெம்புகோலின் நுனியில் மிச்சமாவதால் தோளில் நன்றாகத் தெரிகிறது. மலிவான ஒட்டுப்பலகையில் உடலை வெட்டி, ஒரு பழைய கழுத்தைத் திருகி, வாரில் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நில்லுங்கள். என் தோள்வலிக்கு மருந்து அந்தப் பத்து நிமிடத்தில்தான் கிடைத்தது.

நடுக்கோடு

முழு அளவில் ஒரு வரைபடம் வேண்டும். நீண்ட தாளின் நடுவே ஒரே ஒரு நேர்கோடு போடுங்கள். இனி எல்லா அளவும் இந்தக் கோட்டிலிருந்துதான். முதலில் தந்திகளை வரையுங்கள், மரத்தை அல்ல. பிரிட்ஜில் தந்திக்குத் தந்தி 19 மி.மீ. என்றால் வெளித்தந்திகள் இரண்டுக்கும் இடையே 57 மி.மீ. நட்டில் வெளித்தந்திகளுக்கு இடையே 32 மி.மீ. இவற்றைக் கோட்டின் இருபுறமும் பாதிப்பாதியாக வைத்து இணைத்தால் தந்திகள் ஓடும் வழி கிடைக்கும். அதற்கு வெளியே நட் பக்கம் 3 மி.மீ., கடைசி ஃப்ரெட் பக்கம் 5 மி.மீ. விட்டுக் கோடிழுத்தால் அதுதான் கழுத்தின் ஓரம். கழுத்தை முதலில் வரைந்துவிட்டுத் தந்திகளை அதற்குள் அடைக்கப் பார்த்தால் மிக மெல்லியதான ஜி தந்தி ஓரத்தில் நழுவி விழும். என் முதல் கருவியில் அப்படித்தான் விழுகிறது.

இந்தக் கோட்டை மரத்திலும் கீறிவையுங்கள். பென்சிலால் அல்ல, கூரான கத்தி முனையால். உப்புத்தாள் தேய்க்கத் தேய்க்கப் பென்சில் கோடு போய்விடும். மரத்தின் இரண்டு முனைகளிலும் ஒரு புள்ளி குத்தி வைத்தால், மேல்பரப்பு தேய்ந்த பிறகும் கோட்டை மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.

இனி ஃப்ரெட் கணக்கு. வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை; வேண்டுமானால் இளக்கி நகர்த்தலாம். இங்கே வாள் பட்ட இடம் பட்டதுதான். ஃபெண்டரின் அந்த முதல் பேஸுக்குப் 'பிரிசிஷன்' என்று பெயர் வந்ததற்கும் இதுவே காரணம்: ஃப்ரெட் இருப்பதால் சுருதி துல்லியமாக விழும், விரலால் தேட வேண்டியதில்லை. துல்லியத்தின் பொறுப்பு வாசிப்பவரிடமிருந்து செய்பவருக்கு மாறிவிட்டது.

நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட். மிச்சமுள்ள நீளத்தை அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. 863.6 மி.மீ. நீளத்துக்கு நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் 48.47, இரண்டாவது 94.22, ஐந்தாவது 216.63, ஏழாவது 287.22, பன்னிரண்டாவது 431.80, இருபதாவது 591.58. பன்னிரண்டாவது சரிபாதியில் விழ வேண்டும். விழாவிட்டால் கணக்கு தப்பு. எண்களை முதலில் தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால், தலா 0.2 மி.மீ. பிழை இருபதாவதில் 4 மி.மீ. ஆகிவிடும்.

மரமும் காத்திருப்பும்

கழுத்துக்கு மேப்பிள், அதன்மேல் ஒட்டி ஃப்ரெட்டுகள் பதிக்கும் விரல்பலகைக்கு ஈட்டி அல்லது கருங்காலி, உடலுக்கு ஆல்டர், ஆஷ், மஹோகனி என்பது நிலைபெற்ற வழக்கம். பெயரைவிட முக்கியம் மரம் எப்படி உலர்ந்தது, ரேகை எப்படி ஓடுகிறது என்பவை. கழுத்துக்கு எடுக்கும் துண்டில் ரேகைகள் முனைக்கு முனை நேராக ஓட வேண்டும். பக்கவாட்டில் வழிந்து வெளியேறக் கூடாது. முடிச்சு இருந்தால் வேண்டாம். ஈரப்பதம் 6 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். நான் இப்போது மூன்று பட்டைகளை ஒட்டித்தான் கழுத்துத் துண்டு செய்கிறேன். நடுப்பட்டையின் ரேகையை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தால், ஒன்று முறுக நினைத்தாலும் மற்றவை இழுத்துப் பிடிக்கும்.

உடலுக்கு எடையைப் பாருங்கள். ஆல்டர் கனமீட்டருக்குச் சுமார் 450 கிலோ, 45 மி.மீ. தடிமனில் ஒரு பேஸ் உடல் 2 கிலோவைச் சற்றுத் தாண்டும். அதே வடிவத்தைக் கனமான மரத்தில் செய்தால் 3 கிலோவையும் தொடும். எனக்கு வேண்டியிருந்தது அந்த வித்தியாசம்தான்.

கழுத்தைத் தோராயமாக வெட்டியதும் உடனே இழைக்காதீர்கள். இறுதி அளவைவிட 3 மி.மீ. அதிகமாக விட்டு, காற்று எல்லாப் பக்கமும் படும்படி இரண்டு குச்சிகளின்மேல் வைத்து, இரண்டு வாரம் தொடாமல் இருங்கள். வெளித்தோல் போனதும் மரத்துக்குள் அடைபட்டிருந்த இறுக்கம் விடுபடும். அது திரும்ப வேண்டிய பக்கம் திரும்பட்டும். என் இரண்டாவது கழுத்து அந்த இரண்டு வாரத்தில் ஓலைபோல வளைந்தது. அப்போதே தெரிந்ததால் இழைத்து நேராக்க முடிந்தது. ஃப்ரெட் அடித்த பிறகு வளைந்திருந்தால் அடுப்புக்குத்தான் போயிருக்கும்.

கழுத்து

துண்டு சதுரமாக இருக்கும்போதே, தந்தியின் இழுப்பை எதிர்த்துக் கழுத்தை நேராக்கும் உலோகக் கம்பியான டிரஸ் ராடுக்கான பள்ளத்தை வெட்டிவிடுங்கள். ஓரம் சரிவான பிறகு, சுழலும் முனையால் மரத்தைக் குடையும் ரவுட்டருக்குச் சாய்ந்து ஓட நேரான பக்கம் இருக்காது. இருபக்கமும் வேலை செய்யும் ராடு என்றால் பெரும்பாலும் 6 மி.மீ. அகலம், 9 அல்லது 10 மி.மீ. ஆழம். வாங்கிய ராடை அளந்து வெட்டுங்கள். ஒரே மூச்சில் ஆழம் போகாமல், தடவைக்கு 3 மி.மீ. இறங்குங்கள். ராடு விரலால் அழுத்தினால் இறங்க வேண்டும், குலுக்கினால் சத்தமிடக் கூடாது. விரல்பலகையை ஒட்டும்போது பள்ளத்தின்மேல் மெல்லிய ஒட்டுநாடாவைப் போட்டுப் பசை தடவி, கவிழ்ப்பதற்கு முன் நாடாவை உரித்துவிடுங்கள். பசை ராடுக்குள் போய்விட்டால் பிறகு வழியில்லை.

ஃப்ரெட் பள்ளங்களை விரல்பலகை தட்டையாக இருக்கும்போது 0.6 மி.மீ. வாளால் வெட்டுங்கள். அதன் பிறகே பலகையை ஒட்டி, கழுத்தின் ஓரங்களை அச்சுப்பலகை வைத்து ரவுட்டரால் வெட்டி, வளைவு கொடுக்க வேண்டும். 305 மி.மீ. ஆரமுள்ள மரக்கட்டையில் உப்புத்தாள் ஒட்டி, நீளவாக்கில் மட்டும் தேய்க்கலாம். பலகை முழுதும் பென்சிலால் கிறுக்கி வைத்தால் எங்கே இன்னும் தாள் படவில்லை என்று தெரியும். கடைசிக் கிறுக்கல் மறைந்ததும் நிறுத்துங்கள். வளைவு வந்ததும் ஓரங்களில் பள்ளத்தின் ஆழம் குறைந்திருக்கும். வாளை மீண்டும் ஒருமுறை ஓட்டுங்கள். ஈட்டி, கருங்காலித் தூள் தோலையும் மூச்சையும் பாதிக்கும். முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

கழுத்தின் முதுகைச் செதுக்குவதுதான் எனக்கு மிகப் பிடித்த வேலை. முதலில் முதல் ஃப்ரெட்டிலும் பன்னிரண்டாவதிலும் மட்டும் வேண்டிய வளைவைச் செதுக்கிக்கொள்ளுங்கள். என் கைக்கு முதலாவதில் 21 மி.மீ., பன்னிரண்டாவதில் 23 மி.மீ. தடிமன். பிறகு அந்த இரண்டையும் இணைக்க வேண்டியதுதான். மூலையை 45 பாகையில் சீவினால் மூன்று தட்டை முகங்கள் வரும். அவற்றின் விளிம்புகளைச் சீவினால் ஐந்து. பிறகு உப்புத்தாளை வாராகப் பிடித்து உருட்டினால் வளைவு. முதல் கழுத்தின்போது கத்தி இடறிய இடத்தில் நான் கையை அழுத்தினேன். பக்கத்தில் நின்ற வயதான தச்சர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "வெட்டவில்லை என்றால் அழுத்தாதே தம்பி, தீட்டு" என்றார். ரேகை எதிர்த்துவரும் இடத்தில் சீவும் திசையையும் மாற்ற வேண்டும் என்று காட்டியவரும் அவர்தான். முடிவில் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைத் தடவுங்கள். கண்ணுக்குப் படாத மேடு உள்ளங்கைக்குப் படும்.

ஃப்ரெட் அடிப்பது

கம்பியைப் பலகையின் வளைவைவிடச் சற்றுக் கூடுதலாக வளைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஓரங்களையும் முதலில் தட்டி இறக்கி, பிறகு நடுவுக்கு வாருங்கள். கம்பி விரிய முயலும்போது அதன் பற்கள் பள்ளத்தின் சுவரைக் கவ்விக்கொள்ளும். கழுத்துக்கு அடியில், அடிக்கும் இடத்துக்கு நேர் கீழே, மணல் நிரப்பிய பை ஒன்றை வையுங்கள். பித்தளை அல்லது நைலான் தலையுள்ள சுத்தியல் போதும். காதைக் கொடுத்துக் கேளுங்கள்: கம்பி இறங்கிக்கொண்டிருக்கும்வரை 'டொப் டொப்' என்று மந்தமாக ஒலிக்கும்; மரத்தோடு அமர்ந்த கணத்தில் 'டக்' என்று கெட்டியாக மாறும். அதற்குமேல் ஓர் அடியும் வேண்டாம். கூடுதலாக அடித்தால் கம்பி நடுவில் நசுங்கி ஓரம் எழும்பிவிடும்.

இருபதும் இறங்கிய பிறகு டிரஸ் ராடைத் திருகிக் கழுத்தை நேராக்குங்கள். விரல்பலகையை நாடாவால் மூடி, ஃப்ரெட்டுகளின் உச்சியில் மார்க்கரால் கோடிட்டு, நீளமான தட்டைக் கம்பத்தில் 400 எண் உப்புத்தாள் ஒட்டி எடை கொடுக்காமல் தேய்க்க வேண்டும். எல்லா உச்சியிலும் மை போயிருந்தால் மட்டம் வந்துவிட்டது. தட்டையான உச்சிகளுக்கு அரத்தால் மீண்டும் உருளை வடிவம் கொடுத்து, ஓர முனைகளை விரலைக் கீறாதபடி உருட்டுங்கள். இதற்கு ஒரு முழு நாள் ஆகும். ஆகட்டும்.

உடல்

உடல் வேலை வேகமாக ஓடும். அச்சுப்பலகை, பேரிங் வைத்த ரவுட்டர் முனை, தடவைக்கு 5 மி.மீ. ஆழம் என்று வெட்டிக்கொண்டே போகலாம். வெட்டுக்கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே வாளால் அறுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ரவுட்டருக்கு விடுங்கள். கொம்பின் நுனியில் ரேகை குறுக்கே வரும் இடத்தில் முனை மரத்தைப் பிய்த்தெறியும். அங்கே மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் போங்கள்.

நிதானம் தேவைப்படுவது கழுத்து அமரும் குழியில். ஆழம் 16 மி.மீ. அச்சைக் கடையில் வாங்காமல், நீங்கள் செய்த கழுத்தையே உடலின்மேல் வைத்து, நடுக்கோட்டோடு நடுக்கோட்டைப் பொருத்தி, இருபுறமும் பலகைத் துண்டுகளை ஒட்டி அச்சாக்குங்கள். திருகு போடாமலே கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் உடலும் கூட எழ வேண்டும். நான்கு திருகுகளுக்கும் உடலில் உள்ள துளை, திருகு தடையின்றி நுழையும் அளவுக்கு அகலமாக இருக்கட்டும். மரை பிடிக்க வேண்டியது கழுத்தில் மட்டும்தான். இரண்டிலும் பிடித்தால் நடுவே மெல்லிய இடைவெளி நின்றுவிடும். திருகில் கொஞ்சம் மெழுகு தடவினால் மேப்பிள் பிளக்காது.

பிரிட்ஜின் இடத்தைக் கடைசியாகக் குறியுங்கள், கழுத்தைப் பொருத்திய பிறகு. அளவு தொடங்க வேண்டியது நட்டின் முன்முகத்திலிருந்து, அதாவது விரல்பலகையைத் தொடும் பக்கத்திலிருந்து. இரண்டாவது கருவியில் நான் பின்முகத்திலிருந்து அளந்துவிட்டேன். நட்டின் தடிமன் 3.5 மி.மீ. மட்டுமே. ஆனால் மிகத் தடித்த ஈ தந்தியை பிரிட்ஜில் ஏந்தி முன்பின் நகரும் தாங்கியை, அதன் வில் முழுதும் அமுங்கும்வரை பின்னே தள்ளியும் 12-ஆம் ஃப்ரெட்டில் சுருதி ஏறியே நின்றது. துளைகளில் மரமுளை அடித்து, ஒட்டி, உலரவைத்து, மறுபடி துளையிட்டேன். இப்போதும் பிரிட்ஜின் ஓரத்தில் அந்த முளைகளில் ஒன்று தெரிகிறது. ஜி தந்தியின் தாங்கியை ஏறத்தாழ முன்னே கொண்டுவந்து 863.6-இல் நிறுத்தி, அந்த நிலையில் பிரிட்ஜைத் திருகுங்கள். தடித்த தந்திகள் இதைவிடப் பின்னுக்குத்தான் போகும். ஈ தந்தி சில மில்லிமீட்டர் பின்னே நிற்கும்.

வெள்ளோட்டம்

எண்ணெயோ வண்ணமோ பூசுவதற்கு முன்பே எல்லாவற்றையும் பூட்டித் தந்தி மாட்டி ஒரு வாரம் வாசியுங்கள். கொம்பு தொடையில் இடிக்கிறதா, முன்கை படும் விளிம்பு குத்துகிறதா என்பதெல்லாம் இப்போது தெரிந்தால் அரத்தாலேயே தீர்த்துவிடலாம். பூச்சுக்குப் பிறகு தெரிந்தால் மனசு வராது.

மின்வேலை சிறியது. ஒற்றைச் சுருள் பிக்கப் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 250 கிலோ ஓம் வால்யூம், பொதுவாக ஒரு டோன், அதில் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பிக்கப் கூர்மையாகப் பேசும். கழுத்துப் பக்கம் போகப் போக அடிச்சுருதி பெருகும். குழிகளின் உட்புறம் முழுதும் செப்புத்தகடு ஒட்டி, துண்டுகள் சேரும் இடங்களில் ஈயம் பற்றவையுங்கள். பிரிட்ஜுக்கு அடியிலிருந்து ஒரு கம்பி தரை இணைப்புக்கு வர வேண்டும். அது விட்டுப்போனால், தந்தியைத் தொட்டாலும் இரைச்சல் அடங்காது. மூடுவதற்கு முன் மல்டிமீட்டரால் பிரிட்ஜுக்கும் ஜாக்கின் வெளிவளையத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். ஏறத்தாழச் சுழியம் காட்ட வேண்டும்.

பூச்சுக்கு நான் டங் எண்ணெயோடு நின்றுவிடுகிறேன். மெல்லிய பூச்சாக ஐந்தாறு முறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. கழுத்தின் முதுகு மரமாகவே கைக்குப் படும், வியர்வையில் ஒட்டாது. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் உலரும்போது வெளிவிடும் வெப்பமே துணியைப் பற்றவைத்துவிடும். விரித்துக் காயவைத்து அப்புறப்படுத்துங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்திவையுங்கள்.

கடைசி அளவுகள்

45, 65, 85, 105 (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் தடிமன்) தந்திகளை மாட்டிச் சுருதி சேர்த்து ஓர் இரவு விடுங்கள். கழுத்து பாரத்துக்குப் பழகட்டும். மறுநாள் முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஈ தந்தியை அழுத்திக்கொண்டு, ஏழாவதற்கும் தந்திக்கும் இடையே பாருங்கள், 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும். அதிகமென்றால் டிரஸ் ராடை இறுக்கலாம், ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். அடுத்துத் தந்தியின் உயரம்: 17-ஆம் ஃப்ரெட்டில் ஈ தந்திக்கு 2.4, ஜி தந்திக்கு 2 மி.மீ. என்று தொடங்கி, உங்கள் விரலடியின் வேகத்துக்கேற்ப இறக்குங்கள்.

நட்டின் பள்ளங்களைத் தந்தியின் தடிமனுக்கேற்ற அரத்தால் மெல்ல இறக்கலாம். மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தும்போது முதல் ஃப்ரெட்டின்மேல் ஒரு தாளின் தடிமனுக்கு இடைவெளி மிஞ்சினால் போதும்.

முடிவாக, 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் மெல்லொலியையும், அதே இடத்தில் அழுத்தி வாசிக்கும் ஒலியையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் தாங்கி பின்னே போக வேண்டும், இறங்கியிருந்தால் முன்னே. தாங்கியை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் சுருதியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டே அளக்க வேண்டும். ஜி தந்தியில் ஐந்தாவதிலிருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள் ஓரிடத்தில் ஒலி சீக்கிரம் மங்கினால் பதற வேண்டாம். திருகிப் பூட்டிய கழுத்துகளில் அது பரவலாகவே உண்டு; தலையில் ஒரு சிறு எடையைக் கவ்வவிட்டால் அந்த இடம் நகரும்.

இரண்டு வாரம் கழித்து ராடை மறுபடி பாருங்கள். புது மரம் அதற்குள் இன்னும் கொஞ்சம் வளைந்திருக்கும். இன்னொரு கால் சுற்று தேவைப்படும். என் நான்காவது பேஸுக்கு மூன்று மாதத்தில் இரண்டு முறை தேவைப்பட்டது. அதன் பிறகு ராடைத் திருகும் சாவியை நான் தேடவில்லை.